நாளையர் பேசும் தமிழ்

4 ஜூன் 1979, திங்கள்

பல் விளக்குவதற்கு முன்பே ஊமைக்கோனின் வாயில் ஒரு சொல்லை வைத்தேன். அவனுக்கு என்ன சொல் என்பதுதான் நேற்று இரவு படுத்தபோதும் உறுத்திக்கொண்டிருந்தது. ரெங்கசாமி வரைந்து கொடுத்த சித்திரக்கதைப் பக்கம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. படத்தில் ஊமைக்கோன் ரயில் நிலையக் கூடத்தின் ஓசை முழுவதையும் ஒரு செப்புக் குழாய்க்குள் உறிஞ்சி எடுத்துவிட்டு நிற்கிறான். தலைவி சூனியா, "முடிஞ்சுதோ?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்ல ரெங்கசாமி விட்டிருக்கும் வட்டம் ஒரு பொத்தான் அளவு. "ஆமாம் தலைவி" அதற்குள் போகாது. ரெங்கசாமிக்கு இயந்திரம் வரைய இடம் இருந்தால் போதும். பாத்திரங்களுக்கு வாயும் இருக்கிறது என்பது பென்சிலைக் கீழே வைக்கும்போதுதான் அவனுக்கு நினைவு வரும்.

"ஓம்" என்று எழுதினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

மை காய்வதற்குள் அறையிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "தேத்தண்ணி வைச்சாச்சோ?"

"ஓம்" என்றேன். வைக்கவில்லை. ஓடிப்போய் வைத்தேன்.

இவர் கோலாலம்பூர் ரயில்வே கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் செட்டியார் அச்சகத்தில் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் உண்மைதான். ஆனால் செட்டியாரின் வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துச் சித்திரக்கதைக்கு வசனம் எழுதும் 'ககனன்' நான்தான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2079ஆம் ஆண்டிலிருந்து நம் காலத்தைக் கொள்ளையடிக்க வந்த ஐந்து பேர், அவர்களுக்குப் பெயர் 'நாளையர்'. எதிர்த்து நிற்பவன் விண்காவலன். நாற்பத்தாறு வயதில், தமிழில் பட்டம் வாங்கியவள், இதையா எழுதுகிறாள் என்று கேட்பார்கள். நானே கேட்டுக்கொள்கிறேன். பிறகு அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.

7 ஜூன், வியாழன்

பக்கத்தைக் கொடுக்க அச்சகத்துக்குப் போனேன். ரெங்கசாமி சினிமா பேனர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். விரலெல்லாம் சிவப்புச் சாயம்.

"அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இந்த 'உவன்' யாரு? அவன் தெரியும், இவன் தெரியும்."

"ரொம்பக் கிட்டவும் இல்ல, தூரத்துலயும் இல்ல. நடுவுல நிக்கிறவன்."

"நூறு வருஷம் கழிச்சு வரப்போற தமிழா?"

"அப்படி வச்சுக்கோ."

"நல்லா கண்டுபிடிச்சீங்க போங்க. எங்க பக்கத்து வீட்டுப் பசங்க சாயங்காலமானா உவனப் பிடி, உவனப் பிடின்னு கத்துதுங்க லா. தூங்க முடியல."

நான் கண்டுபிடித்த சொல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் தினமும் புழங்குவது. இன்று காலை கூட இவர் வாசலில் நின்ற மீன்காரனைப் பார்த்து, "உவன் பழசைத் தாறான், பார்த்து வாங்கும்" என்றார். நூறு வருடம் கழித்து வருகிறவர்கள் என்ன தமிழ் பேசுவார்கள் என்று யோசித்து ஒன்றும் வராத ஒரு நாளில், என் வீட்டுத் தமிழை எடுத்து வைத்தேன். படிக்கிறவர்களுக்கு அது வேற்று உலகத்துப் பேச்சாகக் கேட்டது. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

வீட்டில் கதைக்கிறேன், அச்சகத்தில் பேசுகிறேன். வாசல் கேட்டைத் தாண்டியதும் நாக்கு தானாக மாறிக்கொள்கிறது. பல்கலைக்கழக விடுதியில் தோழிகள் என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்ததிலிருந்து வந்த பழக்கம். விண்காவலனுக்கு எழுதும்போது சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஐந்து பேருக்கும் தேடுவதே இல்லை. வீட்டுக்கு வெளியே கூசாமல் எங்கள் தமிழைக் கதைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இந்தக் கெட்டவர்கள் மட்டும்தான்.

19 ஜூன், செவ்வாய்

அடைக்கப்பச் செட்டியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தமிழில் பட்டம் வாங்கியவள் என்பதால் அவருக்கு நான் 'டீச்சர்'. மேசையில் இந்த வாரத்து இதழ், கடைசிப் பக்கம் மேலே.

"டீச்சர், இந்த ஊமைக்கோன் என்ன சாமியாரா?"

"இல்லையே."

"பின்ன எதுக்கு ஓம் ஓம்ங்கிறான்? ஊரையே கொள்ளையடிச்சுட்டு ஓம்ங்கிறான்."

கிள்ளானில் ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர், சின்னையா என்று பெயர், லோரி வைத்திருக்கிறாராம். காலையிலேயே தொலைபேசியில் பிடித்துக்கொண்டாராம். சூடம் காட்டும்போது சொல்லுகிற பிரணவத்தைக் கள்ளன் வாயில் வைத்துவிட்டார்கள், கிள்ளான் கடைகளில் இந்தப் பத்திரிகை தொங்காது, என்று.

ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்: ஐயா, எங்கள் வீடுகளில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம். சொன்னால் செட்டியார் அதை அப்படியே விளக்கமாக அச்சடித்துவிடுவார். அந்த ஐந்து கள்ளரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்கள் என்று எழுத்தில் வந்துவிடும். எழுதியது யார் என்று எங்கள் ஆட்கள் ஒரு நாளில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் சாமிக் குற்றம்.

"அச்சுப் பிழை" என்றேன்.

செட்டியார் கண்ணாடியைக் கழற்றினார். "கையால எழுதினதுல அச்சுப் பிழையா டீச்சர்?"

அடுத்த வியாழன் சின்னையா நேரில் வருகிறாராம். ககனன் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுவதாகச் செட்டியார் சொன்னார். "பேச்சு சரியா வரலேன்னா அந்த அஞ்சு பேரையும் எடுத்துருவோம். விண்காவலன் கள்ளக்கடத்தல்காரனப் பிடிக்கட்டுமே. அதுல யாரு கோவிச்சுக்கப் போறா?"

கள்ளக்கடத்தல்காரன். அவன் என்ன கதைப்பான்?

20 ஜூன்

இவர் ஏதோ கேட்டார். ஓம் என்று சொல்லப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

24 ஜூன், ஞாயிறு

வழக்கம்போல் பெட்டாலிங் ஜெயாவில் மச்சாள் வீட்டில் மதியச் சாப்பாடு. குணபூசணி மச்சாள் இவருடைய தமக்கை, ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்தவர். இன்றைக்கும் அவர் அறைக்குள் நுழைந்தால் நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டார். தையல்கடையில் பார்த்ததாம். கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இதைக் கேள் தம்பி" என்று இவருக்கு வாசித்துக் காட்டினார். "'உங்களுக்கென்ன விசரோ? கெதியா வாருங்கோ. உலகத்தைப் பிடிக்க முதல் எல்லாரும் சாப்பிட வேணும்.' நாங்கள் உவங்களுக்குப் பகிடியோ?"

இவர் சிரித்தார். மச்சாள் வாசித்த விதத்துக்குச் சிரித்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சூனியா என் தலைக்குள் கதைப்பது சரியாக அந்தக் குரலில்தான். அப்படியே. மச்சாள் தன்னைத்தானே வாசிக்கிறார். அவருக்கு அது தெரியவில்லை. நான் ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் மேசையில் ஊற்றிவிட்டேன்.

"சிரிக்காதை. ஒரு நல்லவன் கதைக்கிறானோ இப்பிடி? அஞ்சும் கள்ளர். மீனா, நீ அங்கதானே வேலைக்குப் போறனீ. வியாழக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் செட்டியாரோடை கதைக்கிறன்."

"வியாழக்கிழமை அவர் இருக்க மாட்டார், மச்சாள்."

"இருந்து பார்ப்பம். முதல் சாப்பிடுங்கோ, பேந்து மிச்சம்."

28 ஜூன், வியாழன்

மச்சாளின் காரில் அச்சகத்துக்குப் போனோம். நான் தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது?

சின்னையா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் லோரிச் சாவி. செட்டியார் என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், கணக்குப் போட்டுவிட்டார். எல்லாருக்கும் கோப்பி வரவழைத்தார். வியாபாரி. ககனன் பெயரையே எடுக்கவில்லை.

சின்னையா சொல்லிக்கொண்டிருந்தார்: "பேங்க்க உடைக்கலாமான்னு அந்தப் பொம்பள கேக்குது. இவன் ஓம்ங்கிறான். எங்க கோயிலுக்கு வர்ற புள்ளைங்க இப்போ பூச நேரத்துல சிரிக்குதுங்க முதலாளி. ஐயரு ஓம்னு ஆரம்பிச்சா பின்னால இருந்து 'முடிஞ்சுதோ'ங்குதுங்க."

நானே சிரித்திருப்பேன். மச்சாள் குறுக்கே புகுந்துவிட்டார்.

"தம்பி, அது மந்திரமில்லை. நாங்கள் ஆமாம் எண்டு சொல்லுறேல்லை. ஓம் எண்டுதான் சொல்லுறது. சோறு வேணுமோ எண்டு கேட்டாலும் ஓம்தான்."

சின்னையா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆன்டி சிலோனா?"

"ஓம்."

அச்சுக் கோக்கிறவர்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்போ இவங்க அஞ்சு பேரும் உங்க ஆளுங்க. அப்படிச் சொல்லுங்க. நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், இந்தச் சத்தத்த எங்கயோ கேட்டிருக்கோமேன்னு." அவர் குரல் உயரவில்லை. "எங்கப்பா தண்டவாளத்துல கல்லு கொட்டினவரு, ஆன்டி. சின்னப் புள்ளையில அவரு கூட ரயில்வே ஆபீசுக்குப் போயிருக்கேன். கணக்கு எழுதுற கிராணி, உங்க ஆளு, உள்ள இருந்து தலையத் தூக்காம சொல்லுவாரு, உவனை வெளியில நிக்கச் சொல்லு. இதே மாதிரி. அச்சு அசல்." பிறகு செட்டியார் பக்கம் திரும்பினார். "சாமி விசயம் இல்லேன்னா எனக்குப் பிரச்சன இல்ல முதலாளி. வில்லன் பேச்சு வில்லனுக்குத்தான வச்சிருக்கீங்க. வச்சுக்கோங்க."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சாள் கோப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தார். எழுந்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், முழங்கையோடு முழங்கை இடிக்க. கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

காரைப் பின்னால் எடுக்கும்போது சொன்னார்: "உந்தப் படக்கதை எழுதுறவன் எங்கட ஆள்தான் மீனா. வெளியாளுக்கு உவன் எண்டு இவ்வளவு சரியா வராது. தன்ர தாயின்ர தமிழைக் கொண்டுபோய்க் கள்ளருக்குக் குடுத்திருக்கிறான். சிரிக்கட்டும் எண்டு."

வீடு வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

29 ஜூன், வெள்ளி

என் அப்பா கோலாலம்பூர் ரயில்வே அலுவலகத்தில் கிராணி. நல்ல மனிதர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வெளியே நிற்பவர்களிடம் எப்படிக் கதைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே இருந்த பிள்ளை.

கெட்டவர்களுக்கு அந்தப் பேச்சு தானாக வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன், மூன்று வாரம் முந்தி. தானாக எண்டால்? விண்காவலனுக்கு ஏன் தானாக வரேல்லை? நல்லவன் ஒருத்தன் எங்கட தமிழ் கதைக்கலாம் எண்டு எனக்குத் தோன்றவே இல்லையே. சின்னையாவுக்கு ஒரு காரணம் இருக்கு. எனக்கு என்ன காரணம்?

ஆனால் சூனியா கிராணி இல்லை. சூனியா எல்லாரையும் சாப்பிட வைக்கிறவள்.

9 ஜூலை, திங்கள்

செட்டியார் முடிவு சொல்லிவிட்டார். சின்னையா விட்டுவிட்டாலும் இனிச் சிலோன்காரர்கள் கோவிப்பார்கள் என்று அவருக்குப் பயம். இனி நாளையர் 'நல்ல தமிழ்' பேச வேண்டும். தேசிய தினச் சிறப்பிதழில் அவர்களை முடித்துவிட வேண்டும். விண்காவலன் அவர்களுடைய கப்பலைக் கருங்குழிக்குள் தள்ளிவிடுவான், ஐந்து பேரும் சாவார்கள். அதன் பிறகு கடத்தல்காரன்.

"உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே டீச்சர்? நம்ம வீட்டு ஆளுங்களே வந்து சண்டை போடுறாங்க." நம்ம வீட்டு ஆள் என்று மச்சாளைத்தான் சொன்னார். தெரிந்தும் அன்றைக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

17 ஜூலை, செவ்வாய்

'உவனைப் பிடியுங்கோ' என்று எழுதிய இடத்தில் 'அவனை உடனடியாகக் கைது செய்யுங்கள்' என்று எழுதினேன். வட்டம் சூனியாவின் தலையை விடப் பெரிதாகிவிட்டது. ரெங்கசாமி அவள் கிரீடத்தில் பாதியை அழிக்க வேண்டியதாயிற்று.

"என்னக்கா இது, வாயத் தொறந்தா ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு. கண்ணாடியன் 'மிக்க மகிழ்ச்சி'ங்கிறான். ஒடம்பெல்லாம் கண்ணாடி, ஒரு கல்லு பட்டா செதறிடுவான், அவனுக்கு என்னா மகிழ்ச்சி?"

"செட்டியார் அப்படித்தான் கேட்டிருக்கார்."

"அவரு அச்சுல வந்த பொறவுதானக்கா படிப்பாரு." பிரஷ்ஷைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருந்தான். "பாவம். சாகப்போற நேரத்துல பரீட்சை எழுத வச்சுட்டோம்."

29 ஜூலை, ஞாயிறு

இன்று மச்சாள் வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். இவர் போய்வந்தார்.

"அக்கா உம்மைக் கேட்டவ. அந்தப் படக்கதையைப் பற்றி இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறா." செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அந்தத் தலைவி சரியா அக்கா மாதிரித்தான், என்ன? நான் அண்டைக்கு அதுக்குத்தான் சிரிச்சனான். அவவுக்குச் சொல்லிப் போடாதையும்."

"அதிலை சிரிக்க என்ன இருக்கு?"

"ஏன், வடிவாயெல்லோ எழுதியிருந்தான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல கிடந்தது."

குளிக்கப் போய்விட்டார். நான் அப்படியே கூடத்தில் நின்றேன். அவர் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். குழாய்ச் சத்தம் நிற்கும்வரை நின்றேன்.

11 ஆகஸ்ட்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மனம் எதிலும் உட்காரவில்லை. ஒரே பாத்திரத்தை இரண்டு முறை கழுவினேன்.

22 ஆகஸ்ட், புதன்

மச்சாள் தொலைபேசியில் வந்தார். நலம் விசாரிக்காமலே ஆரம்பித்தார்.

"உந்தப் பொம்பிளை சாகப் போறாளாமே? 'நாளையரின் முடிவு' எண்டு போட்டிருக்கு."

"எந்தப் பொம்பிளை, மச்சாள்?"

"சூனியாதான். வேறை ஆர்? நான் வாராவாரம் வாங்கிறன். எங்களைப் பற்றி ஏதும் எழுதுறானோ எண்டு பாக்க வேணுமே." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப அவள் கதைக்கிறது ஒரு கோதாரியும் விளங்கேல்லை. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஆளை மாத்திப் போட்டாங்கள் என்ன? முந்தி எழுதினவனை நிப்பாட்டிப் போட்டாங்கள்."

நான் தொலைபேசி வயரை விரலில் சுற்றினேன்.

"நான் வந்து சத்தம் போட்டதாலதான். ஒருத்தன்ர பிழைப்பைக் கெடுத்துப் போட்டன் போல கிடக்கு. மீனா, அவன் ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது, மச்சாள்."

"தெரிஞ்சால் ஒருக்கா கூட்டிக்கொண்டு வா. இரண்டு ஏச்சு ஏச வேணும். பேந்து சாப்பாடு போட்டு அனுப்பலாம்."

ரிசீவரை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

23 ஆகஸ்ட், வியாழன்

இவர் நூலகத்துக்குப் போயிருக்கிறார். கடைசிப் பக்கம் மேசையில்.

ரெங்கசாமி வரைந்துவிட்டான், இனி படத்தை மாற்ற முடியாது. கப்பல் உடைகிறது, ஐந்து பேரும் தலைகீழாகக் கருங்குழிக்குள் விழுகிறார்கள், விண்காவலன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். வட்டங்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. இந்த முறை பெரிதாகவே விட்டிருக்கிறான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

விண்காவலன் முதல் கட்டத்திலிருந்தே எங்கள் வீட்டுத் தமிழில் கதைக்கிறான். "இஞ்ச பாருங்கோ, உங்களோடை எனக்குக் கோவமில்லை" என்கிறான். எழுதும்போது கூச்சமாக இருந்தது. இரண்டு கட்டம் தாண்டியதும் போய்விட்டது. கண்ணாடியன் பதிலுக்கு, "நீங்களும் நம்ம ஆளுதானா boss? முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா" என்கிறான். அவன் சின்னையாவின் தெருவில் வளர்ந்தவன் என்று வைத்துக்கொண்டேன். நூறு வருடத்தில் யார் எந்த வீட்டில் பிறப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கடைசிக் கட்டத்தில் சூனியா விழுந்துகொண்டிருக்கிறாள். செட்டியார் எழுதிக் கொடுத்தது: 'ஐயோ, அழிந்தோம்.' நான் எழுதியது: 'போட்டு வாறம்.' போய்விட்டு வருகிறோம் என்று எங்கள் வீடுகளில் படி இறங்கும்போது சொல்வது. சாகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மச்சாளுக்குப் புரியும்.

பக்கத்தின் கீழ் மூலையில் ரெங்கசாமியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக 'ககனன்' என்று எழுதுவேன். இன்று 'மீனலோசனி சீவரத்தினம்' என்று எழுதினேன், பென்சிலால் அல்ல, மையால். என் பெயர் நீளம். விண்காவலனின் பூட்ஸ் நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நாளை காலை இதை ரெங்கசாமியிடம் கொடுக்கப் போவதில்லை. அச்சுக்குப் பிளேட் எடுக்கும் கடைக்கு நானே கொண்டுபோவேன். அங்கே இருப்பவர் சீனர், தமிழ் வாசிக்கத் தெரியாது. செட்டியார் அச்சில் வந்த பிறகு பார்ப்பார், அதன் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்காது. இதழ் முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். மச்சாள் அன்றைக்கே வாங்கிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லப் போவதில்லை. இவரோடு பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய், அந்த மேசையில், மச்சாளுக்கு நேர் எதிரில் உட்காருவேன்.